நாளை என்னும் சொல்: மாணவர்தம் காலந்தாழ்த்தலும் அதன் அறவியலும்

முன்னுரை

கல்வி நிறுவனங்களில் மிகுதியாகக் காணப்பட்டும் மிகக் குறைவாக ஆராயப்பட்ட பழக்கங்களுள் ஒன்று காலந்தாழ்த்தல் ஆகும். பருவத்தேர்வுக்குப் படிக்க வேண்டிய இளங்கலை மாணவர் முதல், ஆய்வேட்டின் இறுதி இயலை எழுத வேண்டிய முனைவர் பட்ட ஆய்வாளர் வரை இப்பழக்கத்திற்கு ஆட்படாதவர் அரியர். ஆசிரியர்கள் இதனைச் சோம்பல் என்னும் ஒரு சொல்லால் குறித்து அறிவுரை கூறி அமைகின்றனர். மாணவரும் அப்பெயரைத் தமக்குத் தாமே சூட்டிக்கொள்கின்றனர். ஆயின், சோம்பலே காரணம் என்றால் ஆய்வேட்டை எழுதாத மாணவர் அதே நாளில் நண்பரின் கட்டுரையைத் திருத்தித் தருவதற்கும், கருத்தரங்கப் பணிகளில் இரவு பகலாக உழைப்பதற்கும், நூலக அடுக்குகளைச் சீர்செய்வதற்கும் விளக்கம் இல்லை. காலந்தாழ்த்துவோர் பலர் கடும் உழைப்பாளிகளாக இருக்கின்றனர். ஒரு குறிப்பிட்ட செயலின் முன் மட்டும் அவர்களின் கை நின்றுவிடுகிறது.

இந்நிலையில், காலந்தாழ்த்தல் ஓர் அறக்குற்றமா, குற்றமாயின் யாருக்கு எதிரான குற்றம், அதனைக் கடத்தற்குரிய வழி யாது என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. தமிழ் அற இலக்கியமும் இலக்கணமும் இப்பொருள் குறித்துக் கொண்டிருந்த நுண்ணிய பாகுபாடுகள் இன்றைய உளவியல் முடிவுகளோடு ஒப்புநோக்கப்படுகின்றன.

1. சொல்லும் வரையறையும்

காலந்தாழ்த்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல், நாளை எனப் பொருள்படும் லத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது. பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் தாமச இயல்புடைய செயலாளனின் பண்புகளை அடுக்குமிடத்துத் ‘தீர்க்கசூத்ரி’ என்னும் சொல்லைப் பயன்படுத்துகிறது. நூலை நீளமாக இழுப்பவன் என்பது அதன் சொற்பொருள். மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் வரும் மூன்று மீன்களின் கதையிலும், குளம் வற்றுவதை அறிந்தும் வெளியேறாமல் மடியும் மீனின் பெயர் தீர்க்கசூத்ரன் என்பதேயாகும். திருக்குறளின் மடியின்மை அதிகாரம் ஆளும் ‘நெடுநீர்’ என்னும் சொல்லும் நீளுதலையே அடிப்படையாகக் கொண்டது. விரைந்து முடிக்க வேண்டியதை நீட்டித்துச் செய்யும் இயல்பு என உரைமரபு இதனை விளக்கும். லத்தீன் வழிச்சொல் செயல் எங்கே தள்ளப்படுகிறது என்பதைக் காட்ட, வடமொழிச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் காலம் எவ்வாறு இழுபடுகிறது என்பதைக் காட்டுகின்றன.

எனினும், நீட்டித்தல் யாவும் குற்றமாகா. இவ்விடத்து வினைசெயல்வகை அதிகாரத்தின் முதலிரு குறள்கள் தெளிவான வரையறையைத் தருகின்றன. ஆராய்ச்சியின் எல்லை துணிவு பெறுதல் என்றும், பெற்ற துணிவைத் தாழ்த்தலில் தங்கவிடுதல் தீது என்றும் முதற்குறள் கூறுகிறது. காலம் நீட்டித்துச் செய்யத்தக்க செயல்களை நீட்டித்துச் செய்யலாம். அவ்வாறு செய்யத்தகாதவற்றை நீட்டித்தல் ஆகாது என்று அடுத்த குறள் பிரித்துரைக்கிறது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கின், துணிவதற்கு முன் நிகழும் தாமதம் ஆராய்ச்சியின் பகுதி என்பதும், துணிந்த பின்னர்த் தக்க காரணமின்றி நிகழும் தாமதமே காலந்தாழ்த்தல் என்பதும் பெறப்படும். எந்த நூலை ஆய்வது என்று ஆறு மாதம் எண்ணும் மாணவர் காலந்தாழ்த்துபவர் ஆகார். நூலைத் தேர்ந்து, இயல் பகுத்து, நெறியாளரிடம் ஒப்புதலும் பெற்ற பின் ஆறு மாதம் ஒரு பக்கமும் எழுதாதவரே இவ்வரையறைக்குள் வருபவர்.

2. சோம்பலும் அச்சமும்

மடியின்மை அதிகாரத்தின் மற்றொரு நுட்பம் கருதத்தக்கது. அவ்வதிகாரம் முழுவதும் சோம்பலைப் பற்றியதாயினும், அதன் ஐந்தாம் குறள் சோம்பல், உறக்கம், மறதி, நீட்டித்தல் ஆகிய நான்கினை வேறுவேறாக எண்ணுகிறது. நீட்டித்தல் சோம்பலின் மறுபெயராயின் தனித்து எண்ண வேண்டுவதில்லை. இந்நான்கும் கெடும் இயல்புடையார் விரும்பும் கலன் எனப்படுகின்றன. கலன் என்பதற்கு மரக்கலம் என்று பொருள் கொள்ளும் உரைமரபு உண்டு. இங்கு விரும்புதல் என்னும் கருத்து இன்றியமையாதது. தாழ்த்தலில் ஓர் இன்பம் இருக்கிறது என்பதும், அவ்வின்பமே தாழ்த்துவோனை ஏற்றிச் செல்கிறது என்பதும் இதனால் புலப்படும்.

நன்னூலின் பொதுப்பாயிரம் இப்பாகுபாட்டை மேலும் ஒரு படி கொண்டு செல்கிறது. நூல் கற்பிக்கத் தகாதாரைப் பட்டியலிடும் பவணந்தி முனிவர், சோம்பலுடையவனையும் உறங்குபவனையும் அறிவு மந்தமானவனையும் தனித்தனியே கூறுகிறார். அவர்களோடு, பழைய நூல்களின் அருமை கண்டு அஞ்சி உள்ளம் தடுமாறுபவனையும் வேறொருவனாக எண்ணுகிறார். கற்க அஞ்சுபவன் சோம்பேறியும் அல்லன். அறிவு குறைந்தவனும் அல்லன் என்னும் கருத்து இவ்வெண்ணுமுறையில் அடங்கியுள்ளது. இன்றைய முனைவர் பட்ட ஆய்வாளருள் பலரை விளக்கும் சொற்றொடர் இதுவேயாகும். தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் உரைகளை எதிர்கொள்ளும் ஆய்வாளர், தமக்கு முன் அவ்வுரைகளில் தோய்ந்த அறிஞர் வரிசையை எண்ணித் தம் முதல் வாக்கியத்தை எழுத மாட்டாது நிற்கிறார். எழுதாத வரையில் அவ்வாய்வேடு குறையற்றதாக அவர் மனத்தில் இருக்கிறது. எழுதிய கணத்தில் அதன் குறை வெளிப்பட்டுவிடும்.

பவணந்தியார் இத்தகையாரை விலக்குகிறார். இன்றைய பல்கலைக்கழகம் அவ்வாறு விலக்க இயலாது. விலக்குதல் அறமும் ஆகாது. குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்வி பெறுவோரிடம் இவ்வச்சம் மிகுதியாகத் தோன்ற வாய்ப்புண்டு. பிழைபட எழுதினால் தம்மை மட்டுமன்றித் தம் ஊரையும் குலத்தையும் சேர்த்து எடைபோடுவர் என்று அஞ்சும் மாணவரிடம் சோம்பலை விடு எனல், நோய் ஒன்றிருக்க மருந்து வேறு தருவதை ஒக்கும். மரபு தந்த பாகுபாட்டை ஏற்று, அது கூறிய விலக்கை ஏற்காமை இவ்விடத்துப் பொருந்துவதாகும்.

உளவியலார் முடிவுகளும் இதற்கு அரண் செய்கின்றன. ஃபியூசியா சிராய்ஸ், திமோத்தி பிச்சில் ஆகியோர் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, காலந்தாழ்த்தலை நேர மேலாண்மைக் குறையாகக் காணாது, துன்பந்தரும் மனநிலையிலிருந்து அப்போதைக்கு விடுபடும் முயற்சியாகக் காண்கிறது. செயலைத் தள்ளிவைத்த அளவில் அச்சம் தணிகிறது. அத்தணிவே அடுத்த தள்ளிவைப்புக்குத் தூண்டுகோலாகிறது. வள்ளுவர் கூறிய விரும்பப்படும் கலன் என்னும் கருத்தோடு இது பொருந்துதல் காண்க.

3. அறிந்தும் செய்யாமை

நன்று இது என அறிந்த ஒருவர் அதனைச் செய்யாதிருத்தல் இயலுமா என்பது மேலை மெய்யியலின் பழைய வினா. அறிந்தே தீயதைத் தேர்வார் எவரும் இலர் என்பது பிளேட்டோவின் ‘புரோட்டகோரசு’ உரையாடலில் சாக்ரட்டீசு கொள்ளும் நிலைப்பாடு. அரிசுட்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலின் ஏழாம் நூலில் இதனை மறுபரிசீலனை செய்து, மனவுறுதியின்மையை இருவகைப்படுத்துகிறார். ஆராயாமலே உணர்ச்சியால் இழுக்கப்படுவோர் ஒருசாரார். ஆராய்ந்து துணிந்தும் அத்துணிவில் நில்லாதார் மற்றொரு சாரார்.

காலந்தாழ்த்துவோர் இரண்டாம் சாராரை ஒத்தவர் போல் தோன்றினும் ஒரு வேறுபாடு உண்டு. உண்ணலாகாது எனத் துணிந்த நோயாளி அவ்வுணவை உண்ணும்போது தம் துணிவை மீறுகிறார். மீறியமையை அவர் அறிவார். இன்று எழுதாத மாணவரோ தம் துணிவை மீறியதாக எண்ணுவதில்லை. எழுதுவேன் என்னும் துணிவு அவரிடம் குறையாமலே இருக்கிறது; அதன் நாள் மட்டும் மாறுகிறது. மறுப்பவர்க்கு மறுப்பின் பொறுப்பு உண்டு. நாளை என்பவர் இசைவின் பெருமையையும் செய்யாமையின் எளிமையையும் ஒருங்கே பெறுகிறார். ஆகவேதான் ஆண்டுக்கணக்கில் தாழ்த்தியும், தாம் எழுதப்போகும் ஒருவர் என்னும் தன்மதிப்பு அவரிடம் சிதையாமல் நிற்கிறது. காலந்தாழ்த்தலின் அறச்சிக்கல் இத்தன்னேமாற்றத்தில்தான் தொடங்குகிறது எனலாம்.

இதனுள் மற்றொரு பிழையும் உண்டு. நாளைய தாம் இன்றைய தம்மினும் ஊக்கமும் ஓய்வும் தெளிவும் மிக்கவர் என்று தாழ்த்துவோர் கருதுகின்றனர். நாளைய மனிதர் இன்றைய மனிதரின் வேலைக்காரர் அல்லர். அவர்க்கும் காய்ச்சல் வரும், வீட்டில் விருந்து வரும், நிதிநல்கை நின்றுபோகும். அமெரிக்க மாணவர்களை ஒரு பருவம் முழுதும் பின்தொடர்ந்து டயான் டைசு, ராய் பாமைசுடர் ஆகியோர் 1997ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் நினைக்கத்தக்கது. தாழ்த்தும் மாணவர் பருவத் தொடக்கத்தில் ஏனையோரினும் மனவழுத்தம் குறைந்திருந்தனர். இறுதியிலோ அழுத்தமும் நோயும் மிக்கு, மதிப்பெண்ணும் குறையப் பெற்றனர். தொடக்கத்து எளிமை, பின்னாளைய தம்மிடமிருந்து வாங்கப்பட்ட கடனாக முடிந்தது.

4. முதிர்தலும் தாழ்த்தலும்

காலந்தாழ்த்தலைக் கண்டிக்குங்கால் எழும் தடை ஒன்றுண்டு. உயர்ந்த படைப்புகளும் ஆய்வுகளும் நீண்ட காலம் கொண்டே உருவாகின்றன. விரைவு ஆழத்திற்குப் பகை என்பர். இத்தடையில் உண்மை உண்டு.

உ.வே.சாமிநாதையர் 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்து, அவர் வினவியதன் விளைவாகச் சீவக சிந்தாமணியில் ஈடுபட்டார். நச்சினார்க்கினியர் உரையுடன் அந்நூல் அச்சேறியது 1887ஆம் ஆண்டில். இடைப்பட்ட ஏறத்தாழ ஏழாண்டுகளைக் காலந்தாழ்த்தல் என எவரும் கூறார். அவ்வாண்டுகளில் ஏட்டுச்சுவடிகள் தேடிப் பெறப்பட்டன, பாடங்கள் ஒப்பிடப்பட்டன, சைவச் சூழலில் பயின்ற அவர், சமணர்களை நாடிச் சென்று அவர்தம் சமயக் கருத்துகளைக் கேட்டறிந்தார். நீட்டித்துச் செய்யத்தக்கதை நீட்டித்துச் செய்தமைக்கு இது தக்க சான்று. அவ்வுழைப்பின் பயனாகப் பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும், மணிமேகலை 1898இலும் அடுத்தடுத்து வெளிவந்தன.

முதிர்தலையும் தாழ்த்தலையும் வேறுபடுத்தும் அளவுகோல் இதிலிருந்து கிடைக்கிறது. முதிர்தல் தடயம் விட்டுச் செல்லும். குறிப்பேடு, எழுதி அடித்த பக்கம், விடைதெரியாத ஐயங்களின் பட்டியல், பிறரிடம் கேட்ட வினா ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று எஞ்சும். சென்ற மாதம் இல்லாத வினா ஒன்று இம்மாதம் மாணவரிடம் இருக்குமாயின் அவர் முதிர்ந்துகொண்டிருக்கிறார். தாழ்த்தலில் எஞ்சுவது அதே தொடக்கமும் அதே அச்சமுமே.

தமிழகத்திற்கு வெளியே தமிழ் ஆய்வோர்க்கு இவ்வளவுகோல் சிறப்பாகப் பயன்படும். நூல் கிட்டவில்லை என்பது அவர்களிடையே நெடுங்காலம் உண்மையான தடையாக இருந்துவந்தது. இன்றும் பழைய பதிப்புகளையும் சிற்றிதழ்களையும் பொறுத்தவரை ஓரளவு உண்மையே. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஆய்வேடுகளைத் தொகுத்து வழங்கும் சோத்கங்கா தளமும் இத்தடையைப் பெரிதும் குறைத்துள்ளன. கிட்டாத நூலின் பெயரையும், அதைத் தேடிய இடங்களையும், அதனால் நிற்கும் பத்தியையும் சுட்ட முடியுமாயின் அது தடை. சுட்ட முடியாதபோது அது சாக்குப்போக்காகவே கொள்ளப்படும்.

5. யாருக்கு இழைக்கப்படும் தீங்கு

காலந்தாழ்த்தல் தாழ்த்துவோரை மட்டும் தாக்குமாயின் அதனை அறிவின்மை எனலாமேயன்றி அறக்குற்றம் எனல் கடினம். மாணவர் ஒருவரின் தாழ்த்தலோ அவரளவில் நிற்பதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகள் முனைவர் பட்டத்திற்குக் குறைந்த அளவு மூன்றாண்டும் உச்ச அளவு ஆறாண்டும் வகுத்து, மறுபதிவின்வழி மேலும் ஈராண்டு வரை இசைவு தருகின்றன. இளநிலை ஆய்வு நிதிநல்கை பெறுவோர்க்கு அந்நல்கை ஐந்தாண்டுகளோடு முடிகிறது. எஞ்சும் ஆண்டுகளின் செலவைப் பெற்றோரோ வாழ்க்கைத் துணையோ ஏற்க வேண்டியுள்ளது. நெறியாளரின்கீழ் நிரம்பிய இடம் காலியாகும்வரை மற்றொரு மாணவர் காத்திருக்கிறார்.

இவற்றினும் பெரிய தீங்கு ஆய்வுப்பொருளுக்கு நேர்வது. அறநூல்கள் நிலையாமையைக் கூறி அறத்தை நாளைக்கென ஒதுக்காதே என வற்புறுத்தும். அங்குக் கருதப்படுவது செய்வோனின் நிலையாமை. ஆய்வுத்துறையிலோ செய்யப்படும் பொருளின் நிலையாமையும் உண்டு. ஒப்பாரியும் தாலாட்டும் பாடத்தெரிந்த மூதாட்டியை அடுத்த கோடையில் கண்டு பதிவுசெய்யலாம் என எண்ணும் மாணவர், அக்கோடையில் அவர் இருப்பார் என்பதற்கு என்ன உறுதி வைத்திருக்கிறார்? ஏட்டுச்சுவடியைச் செல்லும், கல்வெட்டைக் கட்டடப் பணியும் அழிக்கின்றன. ஆய்வேட்டின் காலக்கெடுவை விண்ணப்பத்தால் நீட்டிக்கலாம். தகவலாளியின் வாழ்நாளை நீட்டிக்க விண்ணப்பம் இல்லை. ஆகவே, பிறர்க்கும் பொருளுக்கும் இழப்பு நேரும் என அறிந்தும் தாழ்த்தல் அறக்குற்றமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

இக்குற்றத்தை மாணவர்மீது மட்டும் சுமத்தல் நேர்மையாகாது. எழுதித் தந்த இயலை மாதக்கணக்கில் படிக்காது வைத்திருக்கும் நெறியாளரும், கோப்பை நகர்த்தாத அலுவலகமும், நிதிநல்கையைக் காலத்தில் வழங்காத அமைப்பும் தாழ்த்துவோரே. மாணவரின் தாழ்த்தலுக்குத் தண்டனை உண்டு. அவர்களின் தாழ்த்தலுக்குப் பெரும்பாலும் பெயரும் இல்லை. தம் இயலைப் படிக்காத ஒருவரிடமிருந்து விரைவைப் பற்றிய அறிவுரையைக் கேட்கும் மாணவர் அதனை அறமாக ஏற்பது அரிது.

6. குற்றவுணர்வும் பொறுப்பும்

குற்றம் எனின் குற்றவுணர்வு மருந்தாகுமா என்னும் வினா எழும். பலர் தம்மைத் தாமே கடிந்துகொள்வதையே திருந்துதலின் தொடக்கமாகக் கருதுகின்றனர். மைக்கேல் வோல், திமோத்தி பிச்சில், சானன் பென்னட் ஆகியோர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தருகிறது. முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தாழ்த்தியதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்ட மாணவர் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தாழ்த்தினர். காரணம் முன்னரே கூறப்பட்டதோடு இயைகிறது. தாழ்த்தல் துன்ப உணர்விலிருந்து தப்பும் முயற்சியாயின், குற்றவுணர்வு அத்துன்பத்தைப் பெருக்கித் தப்புதலையும் பெருக்கும். நெறியாளரைக் காண நாணி அவரது அறை இருக்கும் வழியையே தவிர்க்கும் மாணவர் பலர்.

மன்னித்தல் என்பது பொறுப்பைத் துறத்தலாகாது. தாழ்த்தினேன், அதனால் இன்னார்க்கு இன்ன இழப்பு நேர்ந்தது, இன்று இவ்வளவு செய்யக்கூடும் என்னும் மூன்றையும் ஒருங்கே ஏற்பது பொறுப்பு. நான் இத்தகையவன், என்னால் ஆகாது என்பது குற்றவுணர்வின் முடிவு. முன்னது செயலை நோக்கிச் செல்ல, பின்னது மீண்டும் செய்யாமைக்கே காரணமாகிறது. தன்னை இழித்துரைத்தல் பணிவு போலத் தோன்றினும், செய்ய வேண்டியதிலிருந்து விடுபடும் மற்றொரு வழியாக அது அமைந்துவிடுதல் உண்டு.

7. கடக்கும் வழி

வினைசெயல்வகை அதிகாரம் தரும் வழி வியக்கத்தக்க எளிமையுடையது. ஒரு செயலில் இறங்குமுன் செயல், அதற்குரிய பொருள், கருவி, இடம், காலம் என்னும் ஐந்தினையும் மயக்கமற எண்ணுக என்கிறது அது. ஊக்கம் வரட்டும் எனக் காத்திருக்குமாறு அது கூறவில்லை. நாளை எழுதுவேன் என்பதில் இவ்வைந்தும் மயங்கிக் கிடக்கின்றன. காலை ஏழு மணிக்கு, நூலகத்தின் கீழ்த்தளத்தில், அகநானூற்றுப் பாலைப் பாடல்கள் குறித்த அட்டைகளை வைத்துக்கொண்டு, இரண்டாம் இயலின் முதற் பத்தியை எழுதுவேன் என்பதில் அவை தெளிகின்றன. எப்போது, எங்கே, எவ்வாறு என முன்னரே வரையறுத்துக்கொள்வோர் பொதுவாக உறுதிகொள்வோரினும் மிகுதியாகச் செய்துமுடிப்பதைப் பீட்டர் கோல்விட்சரும் அவருடன் ஆய்ந்தோரும் 1990களின் இறுதியில் காட்டியுள்ளனர்.

இரண்டாவது, அச்சத்தைச் சிறிதாக்கும் வழி. முழு ஆய்வேட்டின் முன் அஞ்சும் மாணவர் ஒரு பாடலுக்கான விளக்கத்தின் முன் அவ்வளவு அஞ்சுவதில்லை. குறையுடன் எழுதப்பட்டதைத் திருத்தலாம். எழுதப்படாததைத் திருத்த இயலாது. நெறியாளர் முதல் வரைவைக் குறை காண்பதற்குரியதாகக் கருதாது உரையாடலின் தொடக்கமாகக் கருதுவாராயின், இவ்வச்சம் பாதி நீங்கும். திங்களுக்கு ஒருமுறை மாணவரும் ஆசிரியரும் கூடி முற்றுப்பெறாத பக்கங்களையே வாசிக்கும் வழக்கம் ஒரு துறையில் இருக்குமாயின், ஆசிரியரின் பக்கங்களும் அங்கு வாசிக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, எச்சத்தைப் பற்றியது. முடிக்காது விட்ட செயலின் எச்சத்தை அணையாத தீயின் எச்சத்தோடு அவ்வதிகாரம் ஒப்பிடுகிறது. பாதியில் நிற்கும் பணி அப்படியே கிடப்பதில்லை. நினைவில் வளர்ந்து தொடமுடியாத அளவுக்குப் பெரிதாகிறது. நீண்ட நாள் தொடாத இயலுக்குத் திரும்புவோர் அதனை எழுத முயலுமுன் ஒருமுறை படித்துப் பார்த்தல் நலம். பெரும்பாலும் அது நினைவில் இருந்ததினும் சிறியதாகவும் செப்பமானதாகவும் இருக்கக் காண்பர்.

நிறைவுரை

காலந்தாழ்த்தல் சோம்பலின் வேறானது என்பதும், துணிந்தபின் நிகழும் தாமதத்திற்கே அப்பெயர் பொருந்தும் என்பதும், மாணவரிடையே அதன் வேர் பெரும்பாலும் அச்சம் என்பதும் மேற்கண்டவற்றால் பெறப்பட்டன. திருக்குறளும் நன்னூலும் இவற்றை வேறுபடுத்தி அறிந்திருந்தன. தாழ்த்தலால் பிறர்க்கும் ஆய்வுப்பொருளுக்கும் நேரும் இழப்பு அதனை அறத்தின் எல்லைக்குள் கொணர்கிறது. அப்பொறுப்பில் ஆசிரியர்க்கும் நிறுவனத்திற்கும் பங்குண்டு. கடிந்துரையாலும் தன்னிகழ்ச்சியாலும் அது நீங்காது. இடமும் காலமும் கருவியும் வரையறுத்துத் தொடங்கும் சிறுசெயலாலேயே நீங்கும். அடுத்த முறை இயல் ஏன் வரவில்லை என மாணவரைக் கேட்கும் ஆசிரியர், எந்தப் பத்தியில் நின்றீர்கள் என்று கேட்பாராயின், விடை கூறுதற்கு அம்மாணவர் அப்பத்தியையேனும் திறந்து பார்க்க வேண்டிவரும்.